வழி தேடவும் உதவி கேட்கவும் கையில் ஒரு போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்துக்கும் நெடுந்தூரப் பயணத்துக்கும் கிளம்புகிறவர்கள் போனைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. போன் நம் இடத்தைக் கண்டுபிடிப்பதும், அந்த இடத்தை இன்னொருவருக்குச் சொல்வதும் ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் வேலை வானத்துச் செயற்கைக்கோளை நம்பியது. இரண்டாவது தரையில் நிற்கும் டவரை நம்பியது. ஒன்று செத்துப்போனாலும் மற்றொன்று உயிரோடு இருக்கலாம். கீழே உள்ள பதில்களில் பல இதையே சுற்றி வரும்.

டவரே இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. போன் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, தான் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். இடத்துக்கு மூன்று போதுமே என்பார்கள். போனுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை, அந்தப் பிழையைக் கழிக்கத்தான் நான்காவது. இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ போன்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்தே கேட்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, போன் கேட்க மட்டுமே செய்கிறது என்பது. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. "லொகேஷன் ஆன் பண்ணித்தானே வெச்சிருக்கேன், தேடி வந்துருவாங்க" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நீங்கள் எங்கே என்று உங்கள் போனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அப்படியானால் காட்டுக்குள், மேப்பில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

செயற்கைக்கோள் பேசும் வேகம் அப்படி. வினாடிக்கு 50 பிட். தன் சுற்றுப்பாதை விவரத்தை ஒரு செயற்கைக்கோள் சொல்லி முடிக்கவே சுமார் 30 வினாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராய அட்டவணை முழுதும் வந்து சேர 12.5 நிமிடம். ஊருக்குள் இருக்கும்போது இந்த விவரங்களைப் போன் இணையத்தில் இருந்து நொடியில் இறக்கிக்கொள்கிறது. டவர் இல்லாத இடத்தில் பொறுமையாக வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும். தலைக்கு மேல் அடர்ந்த மரக்கிளைகள் வேறு சிக்னலை நடுநடுவே அறுத்துவிடும்.

அதனால், சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலேயே மேப்பைத் திறந்து புள்ளி வந்ததைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். உள்ளே போன பிறகு வரவில்லை என்றால் வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே பத்து தரம் செயலியை மூடித் திறப்பதால் ஒன்றும் ஆகாது.

புள்ளி வருகிறது, ஆனால் பின்னால் மேப் வெறும் கட்டமாக இருக்கிறதே?

இடம் வானத்திலிருந்து வந்தது. படம் இணையத்திலிருந்து வர வேண்டியது, வரவில்லை. முன்கூட்டியே ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் ஆஃப்லைனில் அது வண்டிக்கான வழியைத்தான் சொல்லும். நடைவழி சொல்லாது, சாலை நெரிசலும் தெரியாது. நடப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் நல்லவை. ஒற்றையடிப் பாதை, ஓடை, உயரக் கோடு எல்லாம் அவற்றில் இருக்கும்.

இறக்கியாயிற்று என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, போகப்போகும் இடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். தெருப்பெயர் வரை தெரிகிறதா? தெரிந்தால்தான் கணக்கு.

ஏரோபிளேன் மோடில் ஜிபிஎஸ் நின்றுவிடாதா?

இப்போதைய போன்களில் நிற்காது. ஏரோபிளேன் மோடு, போன் அனுப்பும் அலைகளைத்தான் நிறுத்துகிறது. ஜிபிஎஸ் எதையும் அனுப்புவதில்லை என்று மேலே பார்த்தோம். உங்கள் போன் எப்படி என்பதை ஒருமுறை வெட்டவெளியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டவர் மங்கலான இடத்தில் போன் சும்மா இருக்காது. கத்திக் கத்திக் கூப்பிடுகிறவர் போல அலையின் திறனைக் கூட்டும், விட்டுவிட்டுத் தேடும். பையில் கிடந்தபடியே பாதி சார்ஜ் போய்விடும். அதே நேரம், ஏரோபிளேன் மோடில் இருப்பவரை யாரும் அழைக்க முடியாது. "பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் போனை உயிர்ப்பிப்பேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டும். 2000 மே 2 வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது; அதை நிறுத்திய பிறகுதான் இந்த அளவு துல்லியம் நம் கைக்கு வந்தது.

உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். தெறித்து வந்தது நீண்ட தூரம் வந்ததாகப் போன் நினைத்துக்கொள்ளும். புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதும் அதற்குப் பல நேரம் புரியாது. புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது அலங்காரம் இல்லை. "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாய்" என்று போன் ஒப்புக்கொள்வது அது. வட்டம் பெரிதாக இருந்தால் திருப்பத்தில் முடிவெடுக்காதீர்கள்.

திசை காட்டும் அம்பு தனிக் கதை. அது போனுக்குள் திசைகாட்டி போல வேலை செய்யும் காந்தமானியிலிருந்து வருகிறது. காந்தம் வைத்த உறையோ, காந்தத் தாங்கியோ பக்கத்தில் இருந்தால் அம்பு பொய் சொல்லும். உறையைக் கழற்றி, போனைக் காற்றில் 8 போடுவதுபோல் சில தரம் சுழற்றுங்கள். அல்லது பத்தடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

போன் சொல்லும் வழியும் என் கண்ணுக்குத் தெரியும் வழியும் முரண்பட்டால்?

கண்ணை நம்புங்கள்.

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் போலீஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அப்போது புதிதாக வந்திருந்த ஆப்பிள் மேப்ஸ், மில்டுரா என்ற ஊரை அது உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி, ஒரு தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அதை நம்பிப் போனவர்கள் தண்ணீர் இல்லாத, 46 டிகிரி வரை வெயில் ஏறக்கூடிய இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் டெத் வேலி பூங்காக் காவலர்களிடம் இதற்கென்றே ஒரு சொல்வழக்கு உண்டு: "டெத் பை ஜிபிஎஸ்." மேப்பில் கோடாகத் தெரிந்த, பல காலமாக யாரும் போகாத மண்சாலைகளில் திரும்பிச் சிக்கியவர்களைப் பற்றிய சொல்.

இவற்றில் செயற்கைக்கோள் தவறு செய்யவில்லை. புள்ளி சரியாகவே இருந்தது. வரைபடம்தான் தவறு. வழி சொல்லும் செயலி தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும். சாலையில் வெள்ளம் ஓடுகிறதா, பாலம் இடிந்திருக்கிறதா, உங்கள் வண்டிக்கு அந்த மண் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. சாலை குறுகிக்கொண்டே போகிறது, எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை, உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது என்றால் திரும்பிவிடுங்கள். வந்த வழி ஏற்கெனவே தெரிந்த வழி.

வண்டி ஓட்டும்போது மேப் பார்ப்பது எப்படி?

பார்க்காமல் கேட்பதுதான் சரி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாக அர்த்தம். சேருமிடத்தைக் கிளம்பும் முன்பே போட்டு, குரலை உரக்க வைத்துவிடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஓரம்கட்டுங்கள். திருப்பத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்; செயலி வேறு வழி சொல்லும், அதற்குக் கோபம் வராது.

பைக்கில் கைப்பிடித் தாங்கி மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. இஞ்சின் அதிர்வு போன் கேமராவின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் வகைத் தாங்கி வாங்குங்கள்.

ஆபத்தில் எந்த எண்ணை அழைப்பது?

போகும் நாட்டின் எண்ணைக் கிளம்பும் முன் மனப்பாடம் செய்யுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. இலங்கையில் போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990. ஆஸ்திரேலியாவில் 000.

எண் மறந்துபோனால் 112 அழுத்திப் பாருங்கள். செல்பேசித் தரநிலையிலேயே அது அவசர எண்ணாக எழுதப்பட்டிருப்பதால் பல நாடுகளில் உள்ளூர் அவசர எண்ணுக்கே போய்ச் சேரும். பூட்டிய திரையிலிருந்தும் அவசர அழைப்பு போகும், கடவுச்சொல் வேண்டாம். வாட்ஸ்அப் போன்ற செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். சாதாரண அழைப்புத் திரையிலிருந்தே அழையுங்கள்.

"அவசர அழைப்பு மட்டும்" என்று திரையில் வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

நல்ல செய்தி. உங்கள் நிறுவனத்தின் டவர் எட்டவில்லை, ஆனால் வேறு ஏதோ நிறுவனத்தின் டவர் கேட்கிறது. அவசர எண்ணை அழைத்தால் போன் அந்த டவர் வழியாகவே அழைக்கும். வீட்டுக்கு அழைத்தால் போகாது.

"சேவை இல்லை" என்று வந்தால் கதை வேறு. எந்த டவரும் இல்லை. அப்போது 112-உம் போகாது. 112 அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் போகும் என்று ஒரு தகவல் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வெறும் புரளி. சில புதிய போன்களில் இருக்கும் செயற்கைக்கோள் வசதி வேறு, அதைக் கீழே பார்ப்போம்.

சிம் இல்லாத பழைய பட்டன் போனை அவசரத்துக்கென்று வைத்திருக்கலாமா?

இரண்டு சிக்கல். சிம் இல்லாமல் அவசர அழைப்பைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன, ஆனால் பிரிட்டனும் ஜெர்மனியும் அனுமதிப்பதில்லை. பொய் அழைப்புகள் அதிகமானதால் நிறுத்தினார்கள். இன்னொன்று பலர் யோசிக்காதது: பல நாடுகளில் பழைய 2ஜி, 3ஜி டவர்களை மூடிக்கொண்டு வருகிறார்கள். அங்கே 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யத் தெரியாத போன், திரையில் சிக்னல் கோடு காட்டினாலும் ஊமைதான். ஆஸ்திரேலியாவில் 2024-இல் 3ஜி மூடப்பட்டபோது, இணையத்தில் 4ஜி பயன்படுத்தினாலும் 000-ஐ அழைக்க மட்டும் 3ஜியை நம்பியிருந்த போன்கள் இருந்தன. அவற்றை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்க வேண்டியதாயிற்று. பட்டன் போன்தான் வேண்டுமென்றால் 4ஜி குரல் அழைப்பு உள்ளதாக, உயிருள்ள சிம்மோடு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை யாருக்காவது அழைத்துப் பாருங்கள்.

அழைப்பு கிடைத்துவிட்டது. முதலில் என்ன சொல்வது?

இடம். என்ன நடந்தது என்று தொடங்கிக் கதை சொல்லும்போது இணைப்பு அறுந்தால், அவர்களிடம் கதை மட்டும் இருக்கும். இடம் தெரிந்தால் காரணம் தெரியாவிட்டாலும் யாரையாவது அனுப்பலாம். எனவே இடம், அடுத்து என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன காயம், அழைக்கும் எண், பேட்டரி எவ்வளவு. அவர்கள் சொல்லும்வரை வைக்காதீர்கள்.

முகவரி இல்லாத இடமென்றால் மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. மாற்றிச் சொன்னால் வேறு கண்டத்துக்குப் போய்விடுவீர்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடும், ஐந்து சொன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு. அதற்கு மேல் சொல்வது மூச்சுக்குக் கேடு. "பதிமூணு புள்ளி நாப்பத்தி" என்று சேர்த்துச் சொல்லாமல் ஒன்று, மூன்று, புள்ளி, நான்கு என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று: கி.மீ. கல், மின்கம்பத்தின் எண், ஓடையின் எந்தக் கரை.

அழைத்த உடனே என் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரியாதா?

சில நாடுகளில் தெரியும். பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது: அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாகவே லொகேஷனை உயிர்ப்பித்து, அதை ஒரு குறுஞ்செய்தியாக அவசர மையத்துக்கு அனுப்பிவிடும். 2016 முதல் ஆண்ட்ராய்டு போன்களிலும் 2018 முதல் ஐபோனிலும் இது உள்ளேயே இருக்கிறது. ஆனால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எதிர்முனையிலும் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் அவர்களுக்குக் கிடைப்பது எந்த டவர் என்பது மட்டுமே. கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லை பல கிலோமீட்டர். தெரியாது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

குரல் அழைப்பு போகவே இல்லை. எஸ்எம்எஸ் போகுமா?

போக வாய்ப்பு அதிகம். பேசுவதற்கு இணைப்பு தொடர்ந்து நிற்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கண நேரம் கிடைத்தாலே போதும். தோற்றால் மறுபடி மறுபடி அழுத்துங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 குறிகள் அடங்கும், தமிழ் எழுத்தில் 70 தான். அந்த 70-இலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. நீண்டால் செய்தி துண்டுதுண்டாகப் போகும், ஒரு துண்டு தொலைந்தாலும் சிக்கல். இந்த ஒரு நேரத்தில் மட்டும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அவசர எண்ணுக்கே எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி எல்லா நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே போனைக் கையிலேயே வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, அவரை அழைக்கச் சொல்லுங்கள்.

லைவ் லொகேஷன் பகிர்ந்துவிட்டுப் போனால் போதாதா?

அது டேட்டாவில் ஓடுவது. டேட்டா போன இடத்தில் உறைந்துவிடும். வீட்டில் இருப்பவருக்கு நீங்கள் கடைசியாக எங்கே சிக்னலோடு இருந்தீர்கள் என்பது தெரியும். தேடத் தொடங்க அது உதவும், அவ்வளவே. எந்த வழியாகப் போகிறேன், எப்போது திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் ஆனால் தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை நான் இன்னும் விடவில்லை. பழைய பழக்கம் என்று கேலி செய்வார்கள்.

புதிய போன்களில் செயற்கைக்கோள் வழி எஸ்ஓஎஸ், அதாவது அவசர உதவிச் செய்தி, அனுப்பலாம் என்கிறார்களே?

உண்மைதான். ஐபோன் 14-இல் 2022 நவம்பரில் வந்தது, பிறகு வேறு சில போன்களிலும் வந்திருக்கிறது. இங்கேதான் போன் முதன்முறையாக வானத்தோடு திருப்பிப் பேசுகிறது. ஆனால் சில நாடுகளில் மட்டுமே. திறந்த வானத்தின் கீழ் நின்று, திரை காட்டும் திசையில் போனை நீட்டிப் பிடிக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் செய்தி போக 15 வினாடி போலாகும், மரத்தடியில் ஒரு நிமிடத்துக்கு மேல். குகைக்குள்ளிருந்தோ குறுகிய பள்ளத்திலிருந்தோ போகாது. அமைப்புகளில் ஒத்திகை பார்க்கும் வசதி உண்டு. இன்றே பார்த்துவிடுங்கள், காலொடிந்து கிடக்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

பவர் பட்டனைப் பலமுறை அழுத்தினால் அவசர அழைப்பு போகுமாமே?

பல ஆண்ட்ராய்டு போன்களில் ஐந்து முறை வேகமாக அழுத்தினால் போகும். ஐபோனில் பக்கப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். திரை நனைந்து தொடுவதற்கு மசியாதபோது இதுதான் கைகொடுக்கும்.

பைக்குள் தானாக அழுந்தி அழைப்பு போவதும் உண்டு. பிரிட்டனில் 2023-இல் இப்படிப் பேச்சற்ற அழைப்புகள் குவிந்து போலீஸ் கவலைப்பட்டது. உங்களுக்கு நேர்ந்தால் பதறி வைத்துவிடாதீர்கள். "தவறுதலாக அழுந்திவிட்டது, எனக்கு ஆபத்து இல்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால் அவர்கள் திரும்ப அழைக்க வேண்டும், சில இடங்களில் ஆளே அனுப்புவார்கள்.

அப்படியே, பூட்டிய திரையில் தெரியும் மருத்துவக் குறிப்பையும் நிரப்புங்கள்: இரத்த வகை, ஒவ்வாமை, மருந்துகள், அழைக்க வேண்டிய இருவர். நீங்கள் மயங்கிக் கிடந்தால் உங்கள் போனை வேறு யாராலும் திறக்க முடியாது.

குளிரிலும் வெயிலிலும் போன் திடீரென்று அணைந்துவிடுகிறதே?

லித்தியம் பேட்டரிக்கு இரண்டும் ஆகாது. ஐபோனுக்கு 0 முதல் 35 டிகிரி வரை என்று அதன் நிறுவனமே வரையறை சொல்கிறது. குளிரில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் போன் சட்டென்று சாகும். உடலோடு ஒட்டி, உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் பல நேரம் மீண்டு எழும். வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மேப்பும் ஓட்டி, சார்ஜும் போட்டால் சூடேறி அணைந்துவிடும். ஏசிக் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

பவர் பேங்க் எடுத்துப் போங்கள். கேபிளையும். சிரிக்காதீர்கள், கேபிள் இல்லாத பவர் பேங்கை மலை உச்சிவரை நான் சுமந்திருக்கிறேன்.

இடி மின்னலில் போன் பேசலாமா?

கையிலிருக்கும் செல்பேசி மின்னலை ஈர்க்காது. வெட்டவெளியில் நிற்பதுதான் ஆபத்து. வீட்டுக்குள் சுவரில் சார்ஜ் போட்டபடி மட்டும் பேச வேண்டாம்.

எதுவுமே போகவில்லை. சிக்னல் சுத்தமாக இல்லை, இரவாகிறது. பிறகு?

காயமில்லாமல், பாதையும் பத்திரமாக இருந்தால் கொஞ்சம் உயரமான இடத்துக்கோ பள்ளத்தாக்கு திறக்கும் பக்கத்துக்கோ நகர்ந்து பார்க்கலாம். சில நூறு மீட்டரில் சிக்னல் வருவது உண்டு. இருட்டில் வேண்டாம். வீட்டில் சொன்ன நேரம் தாண்டினால் நீங்கள் சொன்ன வழியில்தான் தேடுவார்கள், எனவே அந்த வழியை விட்டு விலகாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை மட்டும் ஏரோபிளேன் மோடை நீக்கி, எழுதி வைத்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிப் பார்த்து, மறுபடி போடுங்கள்.

தொலைவில் விளக்கோ ஆளரவமோ தெரிந்தால் போனின் டார்ச் உதவும். மலைகளில் உதவி கேட்கும் அடையாளம்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஒளி, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. விசிலிலும் இதே கணக்குதான். எதிர்ப்பக்கமிருந்து நிமிடத்துக்கு மூன்று முறை ஒளி வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள். அதன்பிறகும் அவர்கள் வந்து சேரும்வரை சிக்னலை நிறுத்தாதீர்கள். எந்த இடம் என்று அவர்கள் திசை பிடிக்க வேண்டும்.